கிந்தா பள்ளத்தாக்கின் நிலவுயர்வு

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கு, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடருக்கும் மேற்கே கிளேடாங் தொடருக்கும் இடையில் கிடக்கிறது. ஈப்போ நகரம் இதன் நடுவில் உள்ளது. இரு தொடர்களும் கிரானைட். நகரைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக்கல்.

இரண்டில் மூத்தது சுண்ணாம்புக்கல்தான். ஏறத்தாழ 40 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியக் காலத்திலிருந்து பெர்மியன் காலம் வரை, கடலடியில் படிந்தது. மலாயா தீபகற்பம் அப்போது ஒரே நிலமாக இல்லை. அதன் மேற்குப் பாதி, கோண்டுவானா என்னும் பழங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த சிபுமாசு என்னும் நிலத்துண்டைச் சேர்ந்தது. இடையிலிருந்த பழந்தெத்திஸ் கடலின் தரை கிழக்குத் துண்டுக்கு அடியில் அமிழ்ந்து தீர, டிரையாசிக் காலத்தில் இரு துண்டுகளும் மோதின. அவை ஒட்டிய தழும்பு இன்றும் பெந்தோங், ரவூப் வழியாகச் செல்கிறது. மோதலில் புவிமேலோடு மடிந்து தடித்தது. அடியில் உருகிய பாறைக்குழம்பு மேலேறி, தரையை எட்டாமல் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே கிரானைட்டாக இறுகியது. அதன் சூட்டில் அருகிலிருந்த சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது.

ஆழத்தில் இறுகிய அந்தப் பாறை இன்று தித்திவங்சா மலைத்தொடரின் குனோங் கோர்புவில் 2,183 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு மோதல் மட்டும் காரணமாகாது. தடித்த மேலோடு, அதைவிட அடர்த்தியான கவசப்பாறையின்மேல் மிதக்கிறது. மழையும் ஆறும் மேற்பரப்பை அரித்துச் செல்லச் செல்ல, சரக்கு இறக்கிய படகு போல அது மேலெழும். மலையைக் குறைக்கும் அரிப்பே அதன் அடிப்பாறையை உயர்த்தவும் செய்கிறது.

சுண்ணாம்புக் குன்றுகளின் கதை வேறு. நிலம் அவற்றைத் தனித்தனியே தள்ளி எழுப்பவில்லை. சற்றே அமிலத்தன்மையுள்ள மழைநீர் சுற்றிலுமிருந்த பாறையைக் கரைத்துவிட, எஞ்சியவை அவை. தைப்பூசக் காவடிகள் சென்றுசேரும் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் அத்தகைய எச்சமொன்றின் அடியில் உள்ளது. அதே குன்றில் 1973இல் பெரும்பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டனர்.

ஒரு காலத்தில் பேராக்கை வளர்த்த ஈயப் பொருளாதாரமும் இவ்வரிப்பின் விளைவே. கிரானைட்டோடு பிறந்த வெள்ளீயக் கனிமத்தை ஆறுகள் மலையிலிருந்து அடித்துவந்தன; கனமானதால் அது பள்ளத்தாக்கின் சுண்ணாம்புத் தரைக் குழிகளில் தங்கியது. ஈயலம்பங்கள் அங்கே தோண்டின. தமிழர் பால்மரம் சீவிய தோட்டங்கள் பல மேட்டு நிலத்திலும் மலையடிவாரங்களிலும் அமைந்தன.

புவித்தட்டுகள் மோதும் எல்லை இப்போது சுமாத்திராவுக்கு மேற்கே கடலில் இருக்கிறது. அங்கே எழுந்த 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தீபகற்பமும் சில சென்டிமீட்டர் நகர்ந்தது. உயரவில்லை, மேற்குப் பக்கமாக விலகியது.