மின்கலமின்றிப் பேசும் சீட்டு

கையில் விளக்கில்லாத ஒருவன், முகக்கண்ணாடியில் வெயிலை வாங்கி அசைத்துக் காட்டியே தொலைவிலுள்ளவனுக்குச் செய்தி சொல்லிவிடலாம். ஒளி கதிரவனுடையது, அசைவு மட்டுமே அவனுடையது. மின்கலமில்லாத கம்பியில்லா உணர்சீட்டுகளும் இவ்வாறே இயங்குகின்றன. வேறொரு கருவி அனுப்பும் ரேடியோ அலையில் தம் செய்தியைப் பதித்துத் திருப்பிவிடுவதே அவற்றின் தொழில்.

மாணவர்களே, இம்முறையின் வரலாறு ஓர் ஒற்றுக் கருவியை நினைவூட்டுகிறது. 1945-ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு, மரத்திற் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தனர். அதனுள் லியோன் தெரமின் அமைத்த கருவி ஒளிந்திருந்தது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சியபோது மட்டுமே அது அறையின் பேச்சை வெளியிட்டது. மற்ற வேளைகளில் அது ஊமை. ஆதலின் 1952 வரை, ஏழாண்டுக் காலம், அது அகப்படவேயில்லை.

1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்பார், அலையைத் திருப்பியனுப்பிச் செய்தி சொல்லும் முறையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். ஆயினும் நுண்ணிய மின்சுற்றுகள் பிறக்கும்வரை அக்கருத்து காத்திருக்க நேர்ந்தது. 1975-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தார் இத்தகைய அடையாளச் சீட்டுகளைப் பற்றி எழுதியபோதும், குறுகிய தொலைவுக்கே அவை ஏற்றவையாயிருந்தன.

காரணம் யாது? அலை செல்லுகையில் பரந்து மெலிகிறது. திரும்புகையில் மீண்டும் மெலிகிறது. அனுப்புவதும் கேட்பதும் ஒரே கருவியாயின், தொலைவு இருமடங்கானால், திரும்பி வரும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

இத்தடையை வெல்ல அறிஞர் பல வழி கண்டனர். சீட்டின் மின்தேவையைக் குறைத்தனர். அலை அனுப்பும் கருவியையும் கேட்கும் கருவியையும் பிரித்து வைத்தனர். நலிந்த குரலும் இரைச்சலினூடே புலப்படுமாறு, செய்தியை விரைவு குறைத்துச் சொல்லவைத்தனர். 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 'லோரா' என்னும் குறியீட்டு முறையைக் கையாண்டனர். 475 மீட்டர் இடைவெளியிலிருந்த அவ்விரு கருவிகளுக்கு நடுவே சீட்டை எங்கு வைத்தாலும் செய்தி கிடைத்தது. அனுப்பும் கருவிக்கு அருகிலேயே சீட்டை வைத்தபோது, 2.8 கிலோமீட்டர் வரை எட்டிற்று.

வயலின் ஈரத்தையோ நோயாளியின் உடல்நிலையையோ உணர்த்த இச்சீட்டுகள் உதவக்கூடும். ஆனால் தொலைவு நீளுந்தோறும், அயலான் மறைந்து நின்று கேட்கும் இடமும் விரிகிறது. மாஸ்கோவின் மர முத்திரையை மறவாதவரே இக்கருவியை நன்கு ஆளத் தக்கவர்.