24, 500, 12

செல்வந்தர்களின் சொகுசுப் படகுகளைப் பற்றி எழுதும்போது ‘சூப்பர் யாட்’, ‘மெகா யாட்’, ‘கிகா யாட்’ என்று பத்திரிகைகள் அடுக்கிக்கொண்டே போகும். சட்டத்தில் இந்தப் பெயர்களுக்கு ஒரு பொருளும் கிடையாது. துறைமுகக் கணக்குப் பிரிவில் கப்பல் கட்டணம் போட்டே காலம் கழித்தவன் நான்; பெயரைவிட எண்தான் முதலில் என் கண்ணில் படும். இந்தப் படகுகளை வகை பிரிப்பவை முக்கியமாக மூன்று எண்கள்.

முதலாவது 24. இது மீட்டரில் நீளம். கப்பலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பக்கவாட்டில் கோடு போடச் சொன்ன 1966-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம், 24 மீட்டரிலிருந்துதான் தொடங்கியது. வாடகைக்கு விடும் பெரிய யாட்டுகளுக்கென்று 1997-இல் பிரிட்டன் விதித்தொகுப்பு வெளியிட்டபோது, அதே அளவையே எடுத்துக்கொண்டது. சொந்த உபயோகம் என்றால் விதிகள் தளர்வு. வாடகை என்றால் கெடுபிடி. நம் ஊரில் வெள்ளை போர்டு கார், மஞ்சள் போர்டு கார் மாதிரி.

இரண்டாவது 500 டன். இது எடை அல்ல, உள்ளளவு. அந்தக் காலத்தில் ஒரு கப்பல் எத்தனை மதுப் பீப்பாய் ஏற்றும் என்று எண்ணினார்கள். அந்தப் பெரிய பீப்பாயின் பெயரே ‘டன்’. 1854-இல் பிரிட்டன் 100 கன அடியை ஒரு டன் என்று சட்டமாக்கியது. இப்போது நடப்பது 1969 ஒப்பந்தக் கணக்கு. 500-ஐத் தொட்டால் பெரிய கப்பல்களுக்கான பல விதிகள் வந்து சேரும். அதனால் 499-இல் நிற்கும்படி திட்டமிட்டே கட்டப்படும் படகுகள் பல.

மூன்றாவது 12. 1912-இல் டைட்டானிக் மூழ்கி 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அதையடுத்து 1914-இல் லண்டனில் உருவான ஒப்பந்தம், 12 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. இன்றும் 13-ஆவது பயணி ஏறினால் யாட் என்பது பயணிகள் கப்பல் ஆகிவிடும். மாலுமிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

2024 ஆகஸ்டில் இத்தாலியின் சிசிலித் தீவருகே நங்கூரமிட்டிருந்த ‘பேய்சியன்’ என்ற பாய்மர யாட், விடியும் முன் அடித்த புயலில் கவிழ்ந்தது. நீளம் 56 மீட்டர்; 500 டன்னுக்குள்; விருந்தினர் சரியாக 12 பேர், ஊழியர் 10 பேர். ஆறு விருந்தினரும் சமையல்காரரும் இறந்தார்கள். பாயைச் சுருட்டிய நிலையில் எவ்வளவு காற்றை அந்தப் படகு தாங்கும் என்ற விவரம், அதிலிருந்த ஏடுகளில் இல்லை என்று பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் 2025-இல் தெரிவித்தார்கள்.

எந்த விதி பொருந்தும் என்று சொல்வதோடு எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த விதி கேட்க மறந்த கேள்வியைப் பிறகு விபத்துதான் கேட்கிறது. அதற்காக எண்ணைப் பார்க்காமலே படகில் ஏறிவிடலாமா? பேரப் பிள்ளைகளோடு ஏரியிலோ கழிமுகத்திலோ படகு சவாரி போகிறவர்கள், எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.