உதவி மையமும் அடையாள ஆளுகையும்: ஓர் இணைப்பின் வரலாறு

நிறுவனங்களில் பணியாளர்களின் கணினி தொடர்பான குறைகளையும் கோரிக்கைகளையும் பதிவு செய்து தீர்த்துவைக்கப் பயன்படும் மென்பொருள் உதவி மைய மென்பொருள் எனப்படுகிறது. எந்தப் பணியாளருக்கு எந்தக் கணினி அமைப்பில் என்ன உரிமை உண்டு, அதற்கு ஒப்புதல் அளித்தவர் யார், அந்த உரிமை இன்னும் தேவையா என்பதைக் கணக்கில் வைக்கும் மென்பொருள் அடையாள ஆளுகைத் தளம் எனப்படுகிறது. முதலாவது, கேட்டதைச் செய்து தருவதற்காகப் பிறந்தது. இரண்டாவது, கேட்பவருக்கு அது உரியதா என்று பார்ப்பதற்காகப் பிறந்தது. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே வலுப்பெற்றது. தொழில்நுட்ப ஆர்வத்தைவிடக் கணக்கு மோசடிகளும் தணிக்கையாளர்களின் கேள்விகளுமே அதற்குக் காரணமாயின.

துளை அட்டையில் ஒரு கோரிக்கை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு அமைப்பு 1961 நவம்பரில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தியதால் ஒவ்வொருவருடைய கோப்புகளையும் தனியே காக்க வேண்டியிருந்தது. அதற்காக அங்கு கடவுச்சொல் நடைமுறைக்கு வந்தது. பயனர்களுக்குக் கணினி நேரமும் அளந்தே கொடுக்கப்பட்டது.

அங்கு ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பு எதையேனும் அச்சிட்டுப் பெற விரும்புவோர் கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் துளை அட்டையில் குறித்துக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடுமாறு ஷெர் அட்டை கொடுத்தார். சனிக்கிழமை அதிகாலையில் அச்சுப்படிகள் வைக்கப்படும் அலமாரியிலிருந்து அதை எடுத்துச் சென்றார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அவரே இதை வெளியிட்டார்.

கடவுச்சொல் திருட்டின் முதல் கதை என்று இது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் இதில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. கோரிக்கை முறைப்படி கொடுக்கப்பட்டது, முறைப்படி நிறைவேற்றவும் பட்டது. அந்தக் கோப்பைக் கேட்க இவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் வேலை மட்டும் யாரிடமும் இல்லை.

தனித்தனியே வளர்ந்த இரு ஏடுகள்

உரிமைகளைக் குறித்துவைக்கும் முறை ஒருபுறம் வளர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக 1976இல் ராக்எஃப் என்னும் பாதுகாப்பு மென்பொருளை வெளியிட்டது. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலியோர் உருவாக்கிய எல்டாப் நெறிமுறை, பயனர் பட்டியலை ஒரே அடைவில் வைத்துப் பல அமைப்புகளும் கேட்டறிய வழிசெய்தது. விண்டோஸ் 2000 உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி அந்த முறையை எல்லா அலுவலகங்களுக்கும் கொண்டுசேர்த்தது எனலாம்.

உதவி மையம் வேறு வழியில் வளர்ந்தது. பிரித்தானிய அரசின் கணினி முகமை 1980களின் இறுதியில் தொகுத்த ஐ.டி.ஐ.எல். நெறிகள் அதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. 1990இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ரெமெடி நிறுவனத்தின் மென்பொருள் அந்த ஒழுங்கைத் திரையில் கொண்டுவந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு என்ற முறை நிலைபெற்றது. இதைத்தான் அலுவலகங்களில் டிக்கெட் என்கிறார்கள்.

புதியவர் ஒருவர் பணியில் சேர்ந்தால் அவருடைய மேலாளர் டிக்கெட் போடுவார். கணினி நிர்வாகி கணக்கைத் திறந்துவிட்டு டிக்கெட்டை மூடுவார். அவர் வேறு துறைக்கு மாறினால் புதிய உரிமைக்காக இன்னொரு டிக்கெட் வரும். பழைய உரிமையை எடுக்கச் சொல்லி மட்டும் பெரும்பாலும் எதுவும் வராது. கேட்பதற்கு ஆள் உண்டு, திருப்பிக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. பத்தாண்டு பணியாற்றிய ஒருவரிடம் ஐந்து துறைகளின் சாவிகள் சேர்ந்திருப்பது இப்படித்தான்.

2002ஆம் ஆண்டின் திருப்பம்

எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரிலும் தொலைதொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாம் 2002 ஜூலையிலும் கணக்கு மோசடிகள் வெளிப்பட்டு வீழ்ந்தன. அதைத் தொடர்ந்து 2002 ஜூலை 30 அன்று அமெரிக்காவில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கையெழுத்தானது. நிதி அறிக்கை தொடர்பான உள்கட்டுப்பாடுகள் சரியாக இயங்குகின்றன என்று நிர்வாகமே மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும் என அதன் 404ஆம் பிரிவு கூறியது. கணக்குகள் கணினியில் இருந்தபடியால் கேள்வி கணினி உரிமைகளுக்கு வந்தது. விற்பனையாளரைப் பதிவு செய்பவரும் அவருக்குப் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளா? அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? தணிக்கையாளர்கள் கேட்டபோது நிர்வாகிகள் பழைய டிக்கெட்டுகளையும் எக்செல் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த மோசடி அலையில் உதவி மைய மென்பொருள் துறையும் தப்பவில்லை. ரெமெடியை 2001இல் வாங்கியிருந்த பெரெக்ரின் சிஸ்டம்ஸ் நிறுவனமே கணக்கு மோசடியில் சிக்கி 2002 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. ரெமெடி பி.எம்.சி. நிறுவனத்துக்குக் கைமாறியது. பெரெக்ரினில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஃபிரெட் லுடி பின்னர் தொடங்கிய நிறுவனம்தான் இன்று சர்வீஸ்நவ் என்ற பெயரில் அறியப்படுகிறது.

ஆளுகைப் பக்கத்தில், டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இயங்கிய வேவ்செட் என்ற கணக்கு வழங்கல் நிறுவனத்தைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2003இன் இறுதியில் வாங்கியது. அதன் நிறுவனர்களில் மார்க் மெக்ளைன், கெவின் கன்னிங்ஹாம் ஆகியோர் 2005இல் செயில்பாயின்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கு திறந்து கொடுப்பதோடு நில்லாமல், கொடுத்த உரிமைகளை மேலாளர்கள் குறித்த காலத்தில் மறுஆய்வு செய்யவைப்பது இத்தகைய தளங்களின் முதன்மைப் பணியாயிற்று.

இணைப்பு செயல்படும் முறை

ஆளுகைத் தளம் எல்லா அமைப்புகளோடும் நேரடியாகப் பேச முடிந்திருந்தால் உதவி மையத்தின் துணை தேவைப்பட்டிராது. அதற்கான பொது மொழிகள் வந்தன. 2003இல் எஸ்.பி.எம்.எல். வந்து அதிகம் பரவாமல் போனது. 2011இல் வெளியான ஸ்கிம் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2015இல் இணையத் தரமாயிற்று. ஆயினும் பழைய பெருங்கணினி நிரல்கள், கிளை அலுவலகத்தில் யாரோ எழுதிய சிறு மென்பொருள், வாசல் கதவின் அடையாள அட்டைப் பொறி ஆகியவற்றுக்கு இணைப்பி கிடையாது. அவற்றில் உரிமையை நீக்க ஒரு மனிதர் கைப்பட நீக்க வேண்டும். அவரிடம் வேலையைச் சேர்க்கும் வழி டிக்கெட்தான்.

ஆகவே முதலில் ஏற்பட்ட இணைப்பு ஆளுகையிலிருந்து உதவி மையத்துக்குச் சென்றது. மேலாளர் மறுஆய்வில் உரிமையை மறுத்தால் தளம் தானே டிக்கெட் உருவாக்கி அதன் எண்ணைத் தன்னிடம் குறித்துக்கொள்ளும். பின்னர் அவ்வப்போது அதன் நிலையைக் கேட்டறியும். டிக்கெட் 'மூடப்பட்டது' என்றால் வேலை முடிந்ததாகக் கொள்ளும் அமைப்புகள் பல இருந்தன. இங்கேதான் சிக்கல். ஆள் கிடைக்காமல் மூடப்பட்ட டிக்கெட்டும், இரட்டைப் பதிவு என்று ரத்தான டிக்கெட்டும், உண்மையாகவே உரிமை நீக்கப்பட்ட டிக்கெட்டும் எண்ணிக்கையில் ஒன்றுபோலவே தோன்றும். தணிக்கைத் தாளில் நீக்கப்பட்டதாக இருக்கும் கணக்கு, சர்வரில் உயிரோடு இருக்கும். கவனமாகச் செய்யப்பட்ட இணைப்புகளில், டிக்கெட் மூடிய பின் தளம் அந்த அமைப்பின் கணக்குப் பட்டியலை மீண்டும் வாங்கி ஒப்பிடும். கணக்கு இன்னும் இருந்தால் டிக்கெட் திரும்பவும் திறக்கும்.

எதிர்த்திசை இணைப்பு பின்னர் பரவியது. பணியாளர் பழகிய உதவி மையப் பக்கத்திலேயே உரிமை கேட்பார். கோரிக்கை ஆளுகைத் தளத்துக்குப் போய், ஒப்புதலும் பணிப் பிரிப்புச் சோதனையும் முடிந்து, முடிவு டிக்கெட்டுக்குத் திரும்பும். இதற்கு இரு பக்கமும் ஒரே ஆளை ஒரே ஆளாக அறிய வேண்டும். பெயரை வைத்துப் பொருத்தினால் இடறும். முதலெழுத்தை முன்னே எழுதும் தமிழரின் பெயர் ஓர் ஏட்டில் 'எஸ். குமார்' என்றும் மற்றதில் 'குமார் எஸ்' என்றும் இருக்கும். பணியாளர் எண்ணே நம்பத்தக்க திறவுகோல். சென்னையில் வேர்கொண்ட ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, உதவி மையம், அடைவு நிர்வாகம் ஆகிய இரண்டுக்கும் மென்பொருள் வெளியிடுகிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. உதவி மைய மென்பொருளிலும் கணக்குகள் இருக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றித்தரும் அதிகாரம் பெற்ற முகவர்களின் உரிமைகளையும், இரு மென்பொருள்களுக்கிடையே பேசும் இயந்திரக் கணக்கின் உரிமையையும் மறுஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். நடைமுறையில் கடைசியாக நினைவுக்கு வருவது இதுவே.

சில மணி நேர இடைவெளி

அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மேயின் மேரிலாந்து கணினி மையத்தில் ஒப்பந்தப் பொறியாளர் ஒருவர் 2008 அக்டோபர் 24 அன்று பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒப்பந்தப் பணியாளர்களின் கணினி அணுகலை அங்கு கொள்முதல் துறை கவனித்துவந்தது. அவருடைய அணுகல் அன்றிரவுதான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில், 2009 ஜனவரி 31 அன்று இயங்கித் தரவுகளை அழிக்கும் ஒரு நிரலை அவர் வழக்கமான நிரலொன்றின் அடியில் மறைத்துவைத்தார். சுமார் 4,000 சர்வர்கள் அதன் இலக்கு. ஐந்து நாள்களுக்குப் பின் மூத்த பொறியாளர் ஒருவர் தற்செயலாக அதைக் கண்டதால் அழிவு தடுக்கப்பட்டது. குற்றவாளிக்கு 2010 டிசம்பரில் 41 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வேலையை விட்டு நீக்கிய துறையும் சாவியை வைத்திருந்த துறையும் வேறுவேறாக இருந்ததே இங்கு இடைவெளியானது.

2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நிறுத்தப்பட்டபோது, பயன்பாட்டில் இல்லாததாகக் கருதப்பட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியே ஊடுருவல் நடந்தது தெரியவந்தது. 75 பிட்காயின் மீட்புத் தொகையாகக் கொடுக்கப்பட்டது.

தொலைபேசியில் கேட்பவர்

2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் விடுதிகளின் கணினிகள் முடங்கின. தாக்கியவர்கள் பணியாளர்போல உதவி மையத்தை அழைத்துப் பேசி உள்ளே நுழைந்தனர் என்று செய்திகள் வெளியாயின. ஏறத்தாழ 10 கோடி டாலர் பாதிப்பு என நிறுவனம் மதிப்பிட்டது. அதன் பிறகு, கடவுச்சொல்லை மாற்றும் டிக்கெட்டில் ஆளுகைத் தளத்தின் தகவல்களை முகவரின் திரைக்கே கொண்டுவரும் ஏற்பாடு கூடுதல் கவனம் பெற்றது. அழைப்பவர் பணியில் இருக்கிறாரா, அவருடைய மேலாளர் யார், அவரிடம் நிர்வாகி உரிமை உள்ளதா என்பவை அதில் தெரியும். உயர் உரிமை உள்ள கணக்கென்றால், பதிவேட்டில் உள்ள மேலாளரைத் திரும்ப அழைத்து அவருடைய ஒப்புதலைப் பெற்ற பின்னரே முகவரால் டிக்கெட்டை மேலே நகர்த்த முடியும்.