ஊட்டியில் பிறந்தவரின் பாட்டுக்குழு



இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவன், "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தினானாம். "அழுகை வந்துட்டு சார்" என்றாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகளே, நீ இருக்கும் அதே ஊரில் 1977இல் 'தி ஸ்பெஷல்ஸ்' என்று ஒரு பாட்டுக்குழு உருவானது. அதைத் தொடங்கிய ஜெர்ரி டாமர்ஸ் பிறந்தது 1955இல், நம்ம ஊட்டியில்! அவருடைய அப்பா பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியில் வேலை பார்த்த பாதிரியார். பிறகு கவன்ட்ரி பேராலயத்துக்குப் போனார்.

அப்போது இங்கிலாந்தில் வேலையற்ற இளைஞர்களின் கோபம் 'பங்க்' என்ற முரட்டுப் பாட்டாக வெடித்திருந்தது. டாமர்ஸ் அதோடு ஜமைக்காவின் 'ஸ்கா' தாளத்தைக் கலந்தார். குழுவில் ஏழு பேர். ஐந்து பேர் வெள்ளையர், இருவர் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர். 1979இல் அவர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் 'டூ டோன்', அதாவது இரு நிறம். அதன் சின்னமும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான்.

சும்மா விட்டார்களா? கிதார் வாசித்த லின்வல் கோல்டிங்கை 1980இல் நிறவெறியர்கள் அடித்துக் காயப்படுத்தினார்கள். "ஏன்?" என்று கேட்டு அவர் ஒரு பாட்டு எழுதினார். 1981இல் கவன்ட்ரியில் சத்னாம் கில் என்ற மாணவர் கொல்லப்பட்டபோது, நிறவெறிக்கு எதிராக அதே ஊரில் இந்தக் குழு கச்சேரி நடத்தியது.

அந்த ஜூலையில், கார் தொழிற்சாலைகள் ஆள் குறைத்து, கடைகள் மூடி, நகரங்களில் கலவரம் நடந்துகொண்டிருந்தது. அப்போது அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' பாட்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. ஆள் அரவமற்றுப்போன ஊரைப் பற்றிய பாட்டு அது. ஆனால் குழுவுக்குள் மனக்கசப்பு முற்றி, மூன்று பேர் விலகினார்கள். ஏழு பேரும் சேர்ந்து புகழோடு இருந்தது இரண்டு வருஷம் போல.

அதோடு முடிந்துவிடவில்லை. டாமர்ஸ் 1984இல் மண்டேலா விடுதலைக்காக ஒரு பாட்டுப் போட்டார். மண்டேலா சிறையில் இருந்து வெளியே வந்தது 1990இல். பாட்டு சிறைக்கதவைத் திறக்காதுதான். ஆனால் உள்ளே யார் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரியவைக்கும்.

ஆகவே மகளே, உன்னைத் திட்டியவனும் அந்த ஊர்தான், உனக்காகப் பாடியவர்களும் அந்த ஊர்தான். நீ அங்கே அந்நியமில்லை.

நமக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம், "நீங்க என்ன ஆளு?" என்று கேட்கிறோமே, அதுவும் அந்த பஸ் நிறுத்தத்துக் கத்தல்தான், கொஞ்சம் மெதுவான குரலில். நானும் கேட்டிருக்கிறேன். இனி கேட்கமாட்டேன்.