மார்பகப் பெருக்க அறுவை: காலத் தேர்வு

மார்பகத் திசுவுக்கு அடியிலோ மார்புத் தசைக்கு அடியிலோ உள்வைப்பு (இம்ப்ளான்ட்) ஒன்றைப் பொருத்தி மார்பின் அளவைக் கூட்டுவது மார்பகப் பெருக்க அறுவை. உள்வைப்பின் வெளியுறை சிலிக்கோனால் ஆனது. உள்ளே சிலிக்கோன் ஜெல் அல்லது உப்புநீர் இருக்கும். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதல் ஜெல் உள்வைப்பைப் பொருத்தினார்கள். அதன் பிறகு உறையும் ஜெல்லும் மேற்பரப்பும் பலமுறை மாறிவிட்டன. அடுத்து வருவது இதைவிட நன்றாக இருக்குமோ என்ற எண்ணத்தில் அறுவையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. புதிதாக வந்ததையே கேட்டு வாங்குவோரும் உண்டு. இரு சாராரும் புதுமையைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அறுபது ஆண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு சாதனம் பல ஆண்டுகள் பலருடைய உடலில் இருந்து என்ன செய்தது என்ற கணக்கே நம்பத்தக்கது. அறுவைக்கான காலத்தை அவரவர் உடல்நிலையும் வாழ்க்கைச் சூழலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதுமையும் பின்விளைவும்

சோயா எண்ணெய் நிரப்பிய டிரைலூசென்ட் உள்வைப்பு 1995-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. எண்ணெய் எக்ஸ்-கதிரை மறைக்காது, ஆகவே மேமோகிராம் படம் தெளிவாக விழும் என்பது அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருள்கள் தீங்கு செய்யலாம் என்ற அச்சத்தால் 1999-இல் விற்பனை நின்றது. மறு ஆண்டே, பொருத்திக்கொண்டவர்கள் அதை அகற்றிவிடுவது நல்லது என்று பிரிட்டன் அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட உள்வைப்புகளின் கதை இன்னும் நீளமானது. எந்த உள்வைப்பைச் சுற்றியும் உடல் ஒரு தழும்புத் திசு உறையை உருவாக்கும். சிலருக்கு அது இறுகி மார்பைக் கல்லாக்கி வலி தரும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் இந்த இறுக்கம் குறையும், உள்வைப்பு இடம் மாறாது என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் இந்த வகையோடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று தெரியவந்தது. முதல் நோயாளி பற்றிய குறிப்பு 1997-இல் வெளியானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் மார்பக உள்வைப்புக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது. 2019 ஜூலையில், உலகெங்கும் 573 நோயாளிகளும் 33 மரணங்களும் பதிவாகியிருந்த நிலையில், அதன் வேண்டுகோளை ஏற்று அலெர்கன் நிறுவனம் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றவற்றில், வடிவம் குலையாத கெட்டி ஜெல் கொண்ட துளி வடிவ உள்வைப்பும் ஒன்று. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு பக்க மார்பு திடீரென வீங்குவதாகத்தான் முதலில் தெரியும். இரண்டு, மூன்று ஆண்டுகளே கவனிக்கும் ஆய்வு அதைப் பிடித்திருக்காது. ஜெல் உள்வைப்பின் உறை கிழிவதும் அப்படியே: கெட்டியான ஜெல் தழும்புத் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுவதால் வெளியே எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால்தான் தெரியும். தீங்கு மெதுவாக வரும் சாதனத்துக்கு அனுபவமும் மெதுவாகவே சேரும்.

காத்திருக்கும் காலம்

பழையது எல்லாம் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. 1970-களின் மெல்லிய உறைகள் எளிதில் கிழிந்தன, ஜெல்லைக் கசியவும் விட்டன. பின்னர் வந்த தடுப்படுக்கு உறைகளும் கெட்டியான ஜெல்லும் உண்மையான முன்னேற்றங்கள். அமெரிக்காவில் 1992 முதல் 2006 வரை ஜெல் உள்வைப்பு பெரும்பாலும் ஆய்வுகளுக்கும் மார்பகச் சீரமைப்புக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் 1999-இல் வந்த அமெரிக்க மருத்துவக் கழக அறிக்கை, உடல் முழுதும் பரவும் நோய்களைச் சிலிக்கோன் உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றது. கிழிதல், இறுக்கம் போன்ற உள்ளூர்ச் சிக்கல்களே முதன்மையானவை என்றும் காட்டியது. அந்த ஆண்டுகளில் காத்திருந்த பெண்ணுக்கு, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற தெளிவாவது கிடைத்தது.

ஒரு சாதனத்தின் கணக்கில் தரக் கட்டுப்பாடும் அடங்கும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் ஒப்புதல் பெற்ற மருத்துவ ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது. நிறுவனர் ஜான்-குளோட் மாஸுக்கு 2013-இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. எந்தப் பெண்ணுக்கு எந்த உள்வைப்பு என்ற பதிவு இல்லாத இடங்களில், பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. ஆகவே அறுவைக்குப் பின் தரப்படும் அட்டையில் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து அதைப் பத்திரப்படுத்துவது, புதிய மாதிரி தேடுவதைவிடப் பயன் தரும்.

உடலும் வயதும்

அமெரிக்காவில் அழகுக்கான பெருக்கத்துக்கு உப்புநீர் உள்வைப்புக்கு 18 வயது முதலும் ஜெல் உள்வைப்புக்கு 22 வயது முதலும்தான் அனுமதி. இருபதுகளின் தொடக்கம் வரை மார்பக வளர்ச்சி தொடரலாம் என்பது இதற்கு ஒரு காரணம். கர்ப்பமும் பாலூட்டலும் எடை ஏற்ற இறக்கமும் மார்பின் வடிவை மாற்றும். உள்வைப்பு இருந்தால் தாய்ப்பால் சுரப்பு குறையவும் வாய்ப்புண்டு. ஓரிரு ஆண்டுகளில் குழந்தை பெற நினைப்பவர் அதற்குப் பின் முடிவெடுப்பதே நல்லது. கருவுற்றிருக்கும்போதும், பாலூட்டும்போதும், எங்காவது தொற்று இருக்கும்போதும் இந்த அறுவை கூடாது.

மறுப்புகள்

எல்லோரும் புதிய மாதிரியின் நீண்ட கணக்குக்காகக் காத்திருந்தால் சான்று எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முறையான ஆய்வில், தெரியாதவை இன்னவை என்று எழுத்தில் அறிந்து, தொடர் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டு சேர்பவர்கள் வழியாக வரும். விளம்பரத்தைப் பார்த்துப் புதிய மாதிரியை வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இளமையின் நல்ல ஆண்டுகள் வீணாகின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. நீண்ட கணக்குள்ள மாதிரி இன்றே கிடைக்கும்போது புதியதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் வாதமும். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பது மூன்றாவது. உள்வைப்பு வாழ்நாள் சாதனம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு தழும்பு, இன்னொரு செலவு. விரிந்த தோலும் மெலிந்த திசுவும் அகற்றிய பின் பழைய நிலைக்கு வருவதில்லை. ஒப்புதலுக்கான பத்தாண்டு ஆய்வு ஒன்றில், முதல்முறை பெருக்கம் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் மறு அறுவை தேவைப்பட்டது. ஜெல் உள்வைப்புக்கு 5 அல்லது 6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பின்னர் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்கப் பரிந்துரை.

2021 முதல் அமெரிக்காவில் அறுவைக்கு முன் இந்த ஆபத்துகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் படித்ததற்கு அடையாளமாகப் பெண்ணிடம் தனித்தனியே சுருக்கொப்பம் வாங்குவது கட்டாயம். தேதி குறிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: இந்த மாதிரியின் கணக்கு எத்தனை ஆண்டு நீளமானது, இரண்டாவது அறுவைக்கும் தொடர் பரிசோதனைக்கும் பணம் இருக்கிறதா, அடுத்த சில ஆண்டுகளில் உடல் பெரிதாக மாறப்போகிறதா. மூன்றுக்கும் நிறைவான விடை இருந்தால் தள்ளிப்போடக் காரணம் இல்லை. ஒன்றுக்கு இல்லாவிட்டாலும், எவ்வளவு புதிய உள்வைப்பாக இருந்தாலும் அது அறுவைக்கான காலம் அல்ல.