வீட்டுக் கடனும் வீடு பார்க்க வருகிறவரும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் காலத்தில் கையிலிருந்த பணத்தைப் போட்டு, மேஸ்திரி பக்கத்திலேயே நின்று வீட்டைக் கட்டினார்கள். இப்போது பணம் வங்கியுடையது. அதனால் வீட்டைப் பார்க்கவும் வங்கியே ஆள் அனுப்புகிறது. அவர் யாருக்காகப் பார்க்கிறார் என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் 25 லட்சத்துக்கு வீடு பேசி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்ப்பார். அடுத்து மதிப்பீட்டாளர் வருவார். டேப் பிடித்து அளப்பார், நான்கு எல்லைகளையும் பத்திரத்தோடு சரிபார்ப்பார், போட்டோ எடுப்பார், கிளம்பிவிடுவார். "இன்ஜினியரே வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு, இனி பயமில்லை" என்று குடும்பம் நிம்மதியாகிவிடும். ஆனால் வீடு உறுதியானது என்று அவர் சொல்லவே இல்லை! கடன் திரும்பாவிட்டால் இந்த வீட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்பதை மட்டும்தான் அவர் எழுதிக் கொடுக்கிறார்.

இந்த மதிப்பீட்டாளரின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1957-ல் வந்த செல்வ வரிச் சட்டத்தில் 1972-ல் ஒரு திருத்தம் செய்து 'பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். பணக்காரர்களின் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு வரி போடுவதற்காக. வங்கிகளும் அதே ஆட்களைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. செல்வ வரியை 2015-ல் அரசு ரத்து செய்துவிட்டது. வரி போய்விட்டது, மதிப்பீட்டாளர் தொடர்கிறார். வரிக்காகவும் வங்கிக்காகவும் வளர்ந்த தொழில் இது. வாங்குபவருக்காக யாரும் அதை உருவாக்கவில்லை.

அமெரிக்காவில் 1934-ல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தொடங்கியது. வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசே காப்பீடு தரும் திட்டம் அது. நஷ்டம் வந்தால் அரசு தலையில் விழும் என்பதால், வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று விதிகள் போட்டார்கள். அப்படியிருந்தும் வாங்குபவருக்குக் கொடுக்கும் படிவத்தில், மதிப்பீடு வேறு, வீட்டுப் பரிசோதனை வேறு, நீங்களாக ஒரு பரிசோதகரை வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நிர்வாகமே எச்சரிக்கிறது.

நம் நாட்டில் 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. 2012-ல் குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக் கடனுக்கு உத்தரவாத நிதி வந்தது. 2015-ல் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வட்டி மானியம் வந்தது. 6 லட்சம் வரையிலான கடனுக்கு 6.5 சதவீத மானியம். அந்த வட்டி மானியம் 2022 மார்ச்சோடு முடிந்து, 2024-ல் இரண்டாம் கட்டமாக வேறு வடிவில் திரும்ப வந்தது. மானியம் தரும்போது வருமானம் என்ன, உள்பரப்பு எவ்வளவு, வேறு வீடு இருக்கிறதா என்றெல்லாம் துருவிக் கேட்டார்கள். சொந்த மனையில் கட்டுபவர்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் இடக் குறியீட்டோடு போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் சுவர் தெரியும். சிமெண்ட் கலவை தெரியுமா?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டிடத் தொழிலாளர்கள். அந்தக் கட்டிடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. காகிதம் சரியாக இருந்தால் கட்டிடமும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரி செய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. இரண்டு மூன்று சென்ட் மனையில் ஒருவர் ஒற்றை வீடாகக் கட்டி விற்றால் அவரைப் பதிவுப் பட்டியலில் தேட முடியாது. பழைய வீடு வாங்குபவர் நிலையும் அதுதான்.

திருப்பூருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு, தண்ணீர். சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததால்தான் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மதிப்பீட்டு அறிக்கையில் 'ஆழ்துளைக் கிணறு உண்டு' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை.

மதிப்பீடு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 25 லட்ச வீட்டை அவர் 22 லட்சம் என்று எழுதினால் அதிகபட்சக் கடன் 19.80 லட்சம். கையிலிருந்து போட வேண்டியது 2.50 லட்சம் அல்ல, 5.20 லட்சம். பலர் இந்த இடத்தில்தான் நகையை அடகு வைக்கிறார்கள். விலையை ஏன் குறைத்தார் என்று விற்பவரிடம் பேச அந்த அறிக்கையே ஒரு பிடி. ஆய்வுக் கட்டணத்தைக் கடன் வாங்குபவர்தான் கட்டுகிறார், நகல் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வங்கிக்கும் விற்பவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரைத் தனியாகக் கூட்டிப் போவதும், ஒரு பாட்டில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதும் மொத்தத்தில் சில ஆயிரம் ரூபாய் வேலை. தவணை இருபது வருடம்.