நாகப்பட்டினத்து நிபந்தங்களும் நகர மக்களும்

சோழமண்டலக் கரையில் பன்னூறு ஆண்டுகளாகத் துறைமுகமாக விளங்கிவரும் நாகப்பட்டினம், மூவர் பாடல் பெற்ற காரோணத்தை உடையது. வலையில் அகப்பட்ட மீனைச் சிவார்ப்பணமாகக் கடலிலேயே விட்டுவந்த அதிபத்த நாயனார் பிறந்த ஊரும் அதுவே. அவர் நினைவாக ஆண்டுதோறும் ஆவணியில் பொன்மீனைக் கடலில் விடும் விழாவை மீனவ மக்கள் இன்றளவும் நடத்துகின்றனர். ஆட்சிகள் பல மாறிய இந்நகரில் பல்வேறு சமயத்தாரின் தர்மங்கள் நெடுங்காலம் நிலைபெற்றமைக்குக் காரணம் யாது என்பதே இவண் ஆராயத்தக்கது.

முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்ததும் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் காலத்தில் நிறைவுற்றதுமான சூடாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டது. பிடியானையை எல்லை நெடுகச் சூழ்வரச் செய்து, கல்லும் கள்ளியும் நட்டு அவ்வூர் அளந்து கொடுக்கப்பட்ட செய்தியைக் கூறும் 21 ஏடுகள், பிற்காலத்தில் ஒல்லாந்து சென்று சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. சைவனாகிய சோழன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் ஈந்தது போலவே, ஸ்ரீவிஜய மன்னனும் காரோணத்துச் சிவபெருமானுக்கு ஆபரணங்களும் சீனக் கனகமும் அளித்தான் என்பதை அக்கோயிற் சாசனங்களால் அறிகிறோம்.

இந்நட்பு நீடிக்கவில்லை. 1025இல் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை, ஸ்ரீவிஜய மன்னருக்குரிய கடாரத்தின்மேற் சென்றது. ஆயினும், அவன் மகள்வயிற்றுப் பேரனாகிய முதற் குலோத்துங்கன், கடாரத்து அரசனுடைய தூதர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, 1090 அளவில் அப்பள்ளிச்சந்தத்தை மீண்டும் உறுதிசெய்து சாசனம் அளித்தான். மரக்கலம் ஏறிவரும் வணிகர் தம் வழிபாட்டிடத்துக்குக் கேடு வாராது என்று நம்பினாலன்றித் துறை செழிக்காது. துறை செழித்தாலன்றிச் சுங்கம் பெருகாது. அரச தர்மமும் ஆதாய நோக்கமும் இங்கு ஒரே வழியிற் சென்றன என்று கொள்வதே பொருந்தும்.

16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றி, 1690இல் சோழமண்டலக் கரையிலிருந்த தம் நிலையங்களுக்கெல்லாம் தலைமையிடமாக்கினர். 1781இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வாறு கோட்டையின் கொடி மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, அடுத்துள்ள நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் 131 அடி உயரமுள்ள மினாராவை எழுப்பித்தார். அத்தர்காவின் பெயரையே தாங்கிச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நினைவிடங்கள் எழுந்தமை, கடல்கடந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் பக்தியைக் காட்டும்.

விகாரத்தின் எச்சமென்று பலரும் கருதிய செங்கற்கோபுரம், கலமோட்டிகளுக்குக் கரையடையாளமாக நின்றது. இயேசு சபையார் கட்டடப் பணிக்காக அது 1867இல் இடிக்கப்பட்டது. தூதர் வேண்ட நிபந்தத்தைப் புதுப்பித்த பழைய மரபு அக்கோபுரத்துக்குத் துணைநிற்கவில்லை. ஏனெனில் அதனைத் தமதென்று கேட்கும் பௌத்த வணிகர் எவரும் அப்போது துறையில் இல்லை. எனினும், 1856 முதல் அவ்வட்டாரத்து மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத்திருமேனிகளுட் சில 16ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தன. சோழப் பேரரசு மறைந்து முந்நூறு ஆண்டுகள் வரையிலும் அங்கே புத்தரை வழிபட்டோர் இருந்தனர் என்பதற்கு இவையே சான்று. ஆதலின் நிபந்தங்களுக்கு அரசர் இட்ட ஆணையினும், அவற்றைப் பயன்கொண்டு வாழ்ந்த மக்களே உறுதியான காவலாயினர் என்பது இந்நகர வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.